ரயில் பாட்டில் போன ஒட்டகம்

கசட்டின் பல்லுக்குள் பேனையைச் செருகி நாடாவைச் சுற்றிய கடைசி ஆட்கள் நாம்தான். அதனால்தான் இதை என் வயதுக்காரர்களிடம் சொல்கிறேன். பிள்ளைகளிடம் சொன்னால் கசட் என்றால் என்ன, அதற்கு எதற்குப் பேனை என்று விளக்கி முடிப்பதற்குள் எழும்பிப் போய்விடுகிறார்கள்.

போன கிழமை கொழும்பில் படிக்கும் மூத்த மகள் கோல் எடுத்தாள். கம்பஸில் நாடகம் போடுகிறார்களாம். பழைய இங்கிலீஸ் காதல் கதை, இரண்டு குடும்பத்துப் பகை, கடைசியில் இரண்டு பேரும் மௌத்து. இவர்கள் அதை மாற்றி, பாட்டாகவே போடப் போகிறார்களாம்.

"எங்கட நாடகத்துல அந்தப் புள்ள சாக மாட்டா உம்மா. எழும்பித் தன்ட வாழ்க்கையப் பாத்துக்கிட்டுப் போவா. பாட்டெல்லாம் புதுசா எழுதல்ல. உங்கட காலத்துப் பொப் பாட்டு, எங்கட காலத்துப் பாட்டு, எல்லாத்தையும் எடுத்துக் கதைக்குப் பொருத்திரிக்கம். இப்பிடி ஒண்டு நீங்க கேள்விப்பட்டே இரிக்க மாட்டீங்க."

நான் சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகு சிரிப்பு போய்விட்டது. ஏனென்றால் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. நல்ல இடம், நல்ல பொடியன். இந்த வருடத்துக்குள் காவின் எழுதிக் கலியாணத்தை முடித்துவிட வேண்டும் என்று கேட்டார்கள். நானும் வீட்டுக்காரரும் ஏறக்குறைய ஓம் சொல்லிவிட்டோம். அவளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. அவளிடம் அதுவரை சொல்லவில்லை.

எனக்குப் பயம் கொஞ்சம் கூட. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் இந்த மகள் என் கையில் குழந்தை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய ஓட்டம் இன்னும் கால்களை விட்டுப் போகவில்லை. எதையும் கெதியாய் முடித்து, பிள்ளையை ஒரு பாதுகாப்புக்குள் வைத்துவிட வேண்டும் என்றே மனம் அடித்துக்கொள்ளும்.

ஆனால் நான் கேள்விப்படாத நாடகமா அது? சீமெந்து காயாத ஒரு வீட்டு வாசலில், பதினொரு வயதில், அதற்குப் பாட்டுப் போட்டவளே நான்தான்.

வீடு எனக்கு மூத்தவளான ராத்தாவுடையது. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் பிள்ளை பிறந்த நாளிலிருந்து வாப்பா செங்கல் சேர்க்கத் தொடங்குவார். வீடு பெண்ணின் பெயரில் எழுதப்படும். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ராத்தா ஏ.எல். சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த அந்த வருடம், எங்கள் வளவின் முன்பக்கத்தில் அவளுடைய வீடு ஓடு வரைக்கும் எழும்பி நின்றது. சுவர்கள் பூசப்படவில்லை. கதவு இன்னும் வரவில்லை. பாலமுனையிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி, மாப்பிள்ளை சவூதியிலிருந்து அடுத்த லீவுக்கு வரும்போது காவின் என்று முடிவாகியிருந்தது. ராத்தா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அதற்குள் சோதனை எழுதி முடித்திருப்பாள். காவின் முடிந்த பெண் எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனதாக யாரும் கண்டதில்லை.

புதுச் சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் அடிக்க வேண்டும். அந்த வேலை ராத்தாவுக்கும் எனக்கும். மாமாவின் மகள், எங்கள் மச்சி, அடுத்த வளவிலிருந்து உதவிக்கு வருவாள். உதவி எங்கே செய்தாள்? வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து பாட்டுத்தான் படிப்பாள். ஈரச் சீமெந்து வாசத்தோடு அந்த வெறும் அறைகளுக்குள் பாடினால் குரல் இரட்டிப்பாகத் திரும்பி வரும். தங்கள் குரல் அவ்வளவு நல்லது என்று அவர்கள் இருவரும் அங்கேதான் கண்டுபிடித்தார்கள். நாடகம் பிறந்ததும் அங்கேதான்.

கதை எல்லோருக்கும் தெரிந்த அரபு நாட்டுக் கதை. ஒருத்தியை விரும்பியவன் அவள் கிடைக்காமல் பைத்தியமாகிப் பாலைவனத்தில் அலைகிறான். அவளை வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்து ஒட்டகத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள். அங்கே அவள் ஏங்கிச் செத்துப்போகிறாள். அவளை அடக்கிய கப்றடியில் அவனும். ராத்தா இதைப் பேச்சாக எழுதவில்லை. ஊரில் எல்லோர் வாயிலும் இருந்த பாட்டுகளை எடுத்து, சொற்களை மாற்றி, கதைக்குள் வைத்தாள். மீலாத் விழாக்களில் சினிமா மெட்டில் கீதம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அது எங்களுக்குப் பெரிய வித்தையில்லை.

கசட்டுக்கு மச்சியும் நானும் பஸாருக்குப் போனோம். பாட்டுப் பதிந்து கொடுக்கும் ரெக்கோடிங் பார் காக்கா கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் எந்நேரமும் ஒரு காதில் ஹெட்போனோடு இருப்பார். கடைக்குள் சூடேறிய பிளாஸ்டிக் வாசம். பாட்டின் பெயர் எங்களுக்குத் தெரியாது. மச்சி முனகிக் காட்டுவாள், அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு நாடாவை எடுப்பார். மழைப் பாட்டு, ரயில் பாட்டு, ஒரு ஹிந்திப் பாட்டு, ஒரு சிங்கள பைலா, அழுகைப் பாட்டு இரண்டு. அத்தோடு ரேடியோவில் பிடித்த இங்கிலீஸ் பாட்டு ஒன்று. அதன் நடுவில் அறிவிப்பாளர் வந்து நேரம் சொல்வார்.

"சிரிக்கிற பாட்டும் அழுற பாட்டும் ஒரே கசட்டுல கேக்குறீங்க. என்னத்துக்குகா இது?" என்றார்.

"ஒட்டகத்துக்கு, காக்கா" என்றாள் மச்சி.

உண்மைதான். ரயில் பாட்டு ஒட்டகத்துக்கு. மட்டக்களப்புக்கு வரும் ரயில் சண்டையால் நின்றுபோயிருந்தது. நான் அதுவரை ரயிலைக் கண்டதேயில்லை, ஒட்டகத்தையும் கண்டதில்லை. இரண்டும் தூரத்துக்குப் போவது என்பது மட்டும் தெரியும். கூ என்று விசில் ஊதினால், நெல்லுச் சாக்குக்குள் குனிந்திருக்கும் ராத்தாவின் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரும் தடக் தடக் என்று கிளம்ப வேண்டும். மழைப் பாட்டுக்குப் பாலைவனத்தில் மழை பெய்யும். சுவருக்கு அடிக்கிற வாளித் தண்ணீரை மச்சியின் தலையில் நான் ஊற்றுவேன். இங்கிலீஸ் பாட்டில் அறிவிப்பாளரின் குரல் வந்ததும் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு தூதன் வந்துவிட்டான் என்று அலறுவார்கள். மச்சிதான் பைத்தியக் காதலன். ஆள் தட்டுப்பாட்டால் மாப்பிள்ளையும் அவளே. கந்தலைக் கழற்றிவிட்டுத் தொப்பியைப் போட்டால் மாப்பிள்ளை. மீசை மட்டும் இரண்டுக்கும் ஒன்று.

என் வேலை செட். மாமாவின் டேப் செட், மின்சாரம் வருவதும் போவதுமான காலம் என்பதால் பெற்றரியில் ஓடும். பெற்றரி இறங்கினால் பாட்டுக்காரி ஆம்பிளைக் குரலில் இழுப்பாள். அவற்றைத் தகரத்தில் போட்டு வெயிலில் சூடாக்கி மறுபடி போடுவேன். எந்தப் பாட்டு நாடாவின் எந்தத் தடிப்பில் இருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லும் அளவுக்கு எனக்குக் கண் பழகிவிட்டது. அந்தப் பொத்தான்களை அமுக்கும்போது என் விரலில்தான் முழு உலகமும் ஓடுகிறது என்று நினைத்தேன்.

உம்மாவிடம் பெருநாளைக்குக் கீதம் படிக்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தோம். நாடகம் என்றால் விடமாட்டா. என்னை மச்சி பள்ளிவாசல் பக்கம் திருப்பி நிறுத்திச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஒரு நாள் உம்மா புது வீட்டுப் பக்கம் வந்தபோது உள்ளே ராத்தா தனியே இருந்தாள். நீ இல்லாமல் நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நன்றாக அழுவாள் ராத்தா, அது அவளுக்குப் பெருமை. உம்மா சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டா. பின்னேரம் எனக்கு ஒரு ஐஸ்பழம் வாங்கித் தந்து, கிணற்றடிக்குக் கூட்டிப் போய், ஆர் அந்தப் பொடியன் என்று கேட்டா. சத்தியம் ஒரு பக்கம், ஐஸ்பழம் மறுபக்கம். நான் பாதிதான் சொன்னேன்.

"அவர் பாலைவனத்துல இரிக்காரு."

"பாலமுனை மாப்பிளையா?"

"இல்ல உம்மா. இவர் வேற. பைத்தியம் மாதிரித் திரியிறாரு. ராத்தா அவருக்காக மௌத்தாகப் போறா."

உம்மாவின் கையிலிருந்த வாளி கிணற்றுக்குள் போனது. அன்று அது எனக்குச் சிரிப்பாக இருந்தது. இன்று ஒரு பெண் பிள்ளையின் தாயாக, அந்த வாளி விழுந்த சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்கிறது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் சவூதியிலோ கட்டாரிலோ இருந்த காலம். பாலைவனம் என்றால் உம்மாவுக்குக் கதை நினைவு வராது, ஏஜென்சியும் ஏர்மெயிலும்தான் நினைவு வரும். சவூதிக்குப் போன எவனோ ஒரு பொடியன் தன் மகளின் மனதைக் கெடுத்துவிட்டான், அவள் உயிரை விடப் போகிறாள் என்று முடிவே எடுத்துவிட்டா. ராத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது செய்துகொள்வாளோ என்ற பயம்.

வாப்பா பாலமுனைக்கு ஆள் அனுப்பினார். மாப்பிள்ளை எதிர்பாராமல் பெருநாளுக்குச் சின்ன லீவில் வந்திருந்தார். இந்த ஹஜ் மாதம் முடிவதற்குள்ளேயே காவினை வைத்துக்கொள்வோம் என்று எங்கள் பக்கம் கேட்டது. அவர்கள் பெருநாளைக்கு மறுநாள் பின்னேரம் பெண்களாக வந்து வீட்டைப் பார்த்துவிட்டு நாள் குறிக்கிறோம் என்றார்கள். ராத்தாவுக்கு இதைச் சொன்னது மச்சிதான். மாப்பிள்ளை வீட்டார்தான் அவசரப்படுகிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அன்று ராத்தா சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தாள். ஒரே சுவருக்கு. தண்ணீர் வழிந்து வாசல் வரை வந்தது. சோதனைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை.

அழவில்லை. ஒத்திகையையும் நிறுத்தவில்லை. கடைசிக் காட்சியை ஒத்திகை பார்க்கும்போது நான் ஒன்று கேட்டேன். எனக்கு அது உண்மையிலேயே விளங்கவில்லை.

"ராத்தா, அவங்கள ஏன் ஒட்டகத்துல ஏத்தி அனுப்புற? அவங்கட வாப்பா அவங்களுக்கு வீடு கட்டிக் குடுக்கல்லையா?"

சாக்குக்குள் இருந்த ஒட்டகம் விழுந்து விழுந்து சிரித்தது. மச்சியின் மீசை அழிந்துவிட்டது. ராத்தா மட்டும் சிரிக்காமல், முதல் நாள் கொண்டுவந்து பொருத்தியிருந்த முன்கதவைப் பார்த்தாள். முதிரை மரக் கதவு. தச்சர் அதற்கு உள்பக்கம் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் வைத்திருந்தார். ராத்தா அதை ஒரு தரம் போட்டுப் பார்த்தாள், ஒரு தரம் கழற்றிப் பார்த்தாள்.

பெருநாளுக்கு மறுநாள் அஸர் தொழுகை முடிந்ததும் பெண்கள் வரத் தொடங்கினார்கள். ஆண்கள் யாரும் இல்லை. வளவைச் சுற்றிக் கிடுகு வேலிக்கு மேல் சாறிகளைக் கட்டி மறைத்திருந்தோம். பந்தலாய்க் கட்டிய படங்குக்குக் கீழே பாய்கள். புதுச் சீத்தைத் துணி வாசம், அத்தர் வாசம், முதல் நாள் குர்பான் இறைச்சி வாசம். முன் வரிசைக் கதிரையில் பாலமுனை மாமி, அதாவது மாப்பிள்ளையின் உம்மா. நிமிர்ந்த ஆள், வெற்றிலை போட்ட வாய், யாரையும் பார்த்துச் சிரிக்காத முகம். பக்கத்தில் எங்கள் உம்மா கையைப் பிசைந்துகொண்டு. நான் வாசல் தூணுக்குப் பக்கத்தில் செட்டோடு.

கீதம் என்று வந்தவர்கள் மீசை வைத்த மச்சியைக் கண்டதும் முதலில் திகைத்தார்கள். பிறகு மழைப் பாட்டில் வாளித் தண்ணீர் அவள் தலையில் விழுந்தபோது படங்கே சிரித்தது. ராத்தா பாடத் தொடங்கினாள். கசட்டுக்காரியின் குரலை அவளுடைய குரல் மூடிக்கொண்டு போனது. ஹிந்திப் பாட்டில் கண்ணைத் துடைத்தார்கள், பைலாவுக்குக் கை தட்டினார்கள். தூதன் வந்துவிட்டான் என்றதும் யாரோ ஒரு கிழவி உண்மையாகவே முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு நன்றாகப் போனது. இன்றைக்கும் என் கையில் மயிர் நிமிர்கிறது.

மாப்பிள்ளை வரும் காட்சி. மச்சி தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். ஒட்டகம் ஒரு பக்கம் தயாராக நின்றது. மாப்பிள்ளை வாசலில் கால் வைத்தால் குரவை போடுவது எங்கள் பெண்களின் வழக்கம். நாடகம் என்பதை மறந்து, படங்கு முழுவதும் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டது. நான் அழுகைப் பாட்டைச் சரியாகச் சுற்றி வைத்து விரலைப் பொத்தானில் வைத்திருந்தேன்.

ராத்தா ஒட்டகத்தடிக்கு வரவில்லை. பின்னால் போனாள். வீட்டுக்குள். கதவைப் படாரென்று சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

குரவை பாதியில் நின்றது.

மச்சிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் லேசான ஆளில்லை. கதவைத் தட்டினாள். "துற புள்ள. மாப்பிள வந்திரிக்கன்."

"இது என்ட வீடு" என்றாள் ராத்தா உள்ளிருந்து. "நான் துறந்தாத்தான் வரலாம்."

"எப்ப துறப்பாய்?"

"சோதின எழுதி முடிச்சிப் போட்டு."

பாலைவனத்தில் ஏது சோதனை என்று இரண்டொருவர் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது. எல்லாத் தலைகளும் பாலமுனை மாமியின் பக்கம் திரும்பின. உம்மா எழும்பினா. எனக்குச் செட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

மாமி எழுந்தா. வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கினா. படி ஏறி, மச்சியை விலக்கி, மோதிரம் போட்ட விரலால் கதவைத் தட்டினா.

"மகள். நான் மாமி. சோதின எப்ப?"

உள்ளிருந்து சின்னக் குரலில், "எட்டாம் மாசம், மாமி."

மாமி திரும்பி உம்மாவைப் பார்த்தா. "அப்ப என்னத்துக்குகா இந்த மாசமே காவின் எண்டு ஆள் அனுப்பினீங்க? நாங்க அடுத்த லீவுக்கு எண்டுதானே இரிந்த. நீங்கதானே அவசரப்பட்டீங்க."

உம்மாவின் பார்வை மச்சியின் மீசையில் நின்றது. பிறகு அவள் தோளில் தொங்கிய கந்தலில். பிறகு ஒட்டகத்தில். கடைசியில் என்னில்.

"அந்தப் பாலைவனத்துப் பைத்தியம்…" என்று மச்சியைக் கையால் காட்டினா. "இவளா?"

"ஓம் உம்மா" என்றேன். "மௌத்தாகுறது இதுக்குப் பொறகு வாற பாட்டுல."

உம்மா பாயிலேயே உட்கார்ந்துவிட்டா. முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டா. தோள் குலுங்கியது. அழுகிறாவா சிரிக்கிறாவா என்று எனக்கு அன்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தெரியும். மகள் சாகப் போகவில்லை, மகளுக்குக் காதலன் இல்லை, மகளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு சோதனை மட்டும். அதை ஒரு நிமிடத்தில் அறிந்துகொண்ட தாய் வேறு என்ன செய்வாள்?

மாமி கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தா. "நல்ல முதிர" என்றா. "என்ட மகன் அடுத்த லீவுக்கு வரட்டும். வந்து தட்டட்டும். மனமிரிந்தாத் துற, மகள்." சொல்லிவிட்டு அந்தச் சிரிக்காத முகத்தோடேயே குரவையை எடுத்தா. தனிக் குரவை. அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள், படங்கு கிழிகிற மாதிரி.

நான் பொத்தானை அமுக்கினேன். ஆனால் அந்தக் குழப்பத்தில் நாடாவைப் பின்னால் ஓட்டிவிட்டிருந்தேன் போல. அழுகைப் பாட்டு வரவில்லை. கூ என்று ரயில் விசில் ஊதியது. ஒட்டகம் தன் வேலையை மறக்கவில்லை. தடக் தடக் என்று யாரையும் ஏற்றாமலே கிளம்பி, பாய்களுக்கு நடுவால், பிள்ளைகள் துரத்த, வேலிக் கடப்பலைத் தாண்டி ஒழுங்கைக்குள் ஓடிவிட்டது. அதைத் திருப்பிப் பிடித்து வருவதற்குள் மஃரிப் பாங்கு சொல்லிவிட்டது.

தொழுதுவிட்டு வந்த வாப்பா நேரே புது வீட்டு வாசலுக்குப் போனார். நிலைக்கு மேலே சுவரில் மெல்லிய வெடிப்பு. சீமெந்து காய்வதற்குள் கதவை அடித்தது யார் என்று கேட்டார்.

"உங்கட மகள்தான்" என்றா உம்மா. "சோதின எழுதப் போறாளாம்."

வாப்பா வெடிப்பை விரலால் தடவினார். நெடுநேரம் தடவினார். பிறகு, "எழுதட்டும். கதவ மெல்லச் சாத்தச் சொல்லு" என்றார்.

ராத்தா எழுதினாள். கம்பஸுக்குக் கிடைக்கவில்லை, ஆனால் ரீச்சரானாள். அடுத்த லீவுக்கு மாப்பிள்ளை வந்தார், தட்டினார், அவள் திறந்தாள். அவர் இன்றுவரை தன் சொந்த வீட்டுக் கதவையும் தட்டிவிட்டுத்தான் நுழைவார். ஒழுங்கையில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். அந்த வெடிப்பு ஒவ்வொரு பெயின்டுக்குப் பிறகும் திரும்பி வந்தது. கடல் வந்த காலையில் ராத்தா குடும்பம் சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டில் இருந்தது. வந்து பார்த்தபோது வீடு இல்லை. வெடிப்பும் இல்லை, முதிரைக் கதவும் இல்லை. அந்தக் கசட்டும் அந்த வீட்டு அலுமாரியில்தான் இருந்தது. நடுவில் நேரம் சொல்லும் அறிவிப்பாளரையும் கடல் கொண்டு போனது.

மகளின் கோல் வந்த அன்று இரவு நான் தூங்கவில்லை. என் உம்மா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த வாளி கிணற்றுக்குள் போயிருக்காது என்று புரண்டுகொண்டிருந்தேன். காலையில் மகளுக்குக் கோல் எடுத்து, சம்பந்தத்தைச் சொல்லி, என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். படிப்பு முடிந்த பிறகு பொடியனோடு கதைத்துப் பார்க்கிறேன் என்றாள். அதற்குப் பிறகு அவள் கேட்டது: "நாடகத்துக்கு வருவீங்கதானே?" வருவேன். ராத்தாவும் வருகிறாள். ஒட்டகம் உண்டா என்று மச்சி கேட்கிறாள்.

வீட்டுக்காரர் அந்த இடத்துக்குப் போய் ஒரு வருடம் பொறுக்கச் சொன்னார். பொறுப்பார்களோ தெரியாது. பயம் இன்னும் இருக்கிறது, அது என்னோடுதான் இருக்கும். ஆனால் இந்த மகளுக்கும் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. நேற்றுத் தச்சர் முன்கதவுக்கு அளவெடுக்க வந்தார். வெளிப் பூட்டு எப்படிப்பட்டது வேண்டும் என்று கேட்டார்.

"அதப் பொறகு பாப்பம்" என்றேன். "முதல்ல உள்ளுக்கு நல்ல பித்தளத் தாழ்ப்பாளாப் போடுங்க. மகள்ட கைக்கு எட்டுற உயரத்துல."